அப்பாவுக்கு நான் எழுதிய காய்ச்சல்

தாதியர் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஒருவரும் வாய் திறக்காத ஒரு சங்கதி இருக்கிறது. நோயாளியின் கட்டிலில் தொங்கும் தாளை எடுத்துப் பார்த்தால், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற கட்டத்தில் இருபது என்று இருக்கும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் இருபது. மூலைக் கட்டிலில் குறட்டை விடுபவருக்கும் இருபது. ஒரு நிமிடம் முழுவதும் ஒருவருடைய நெஞ்சையே பார்த்து எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை எங்களிடம் எல்லா நாளும் இருப்பதில்லை. (இதை வெளியில் சொன்னதற்காக நாளைக்கு என் வார்டில் எனக்கு யாரும் ஒரு கோப்பை பிளேன்ரீ தரப்போவதில்லை. பரவாயில்லை.)

ஆனால் இருபது போட்டவர்கள் எல்லாம் என் முன்னால் சின்னப் பிள்ளைகள். நான் ஒரு முழு நோயாளியையே கற்பனையில் எழுதியவள். அதுவும் பெற்ற தகப்பனை. அவர் முன்னறையில் ரீவிச் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளறையில் இருந்து அவருக்குக் காய்ச்சல் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

கொரோனாக் காலம் அது. நான் தாதியர் பயிற்சியில் முதலாம் வருடம். சீருடை தைத்து, அதைப் போட்டுப் படம் எடுத்து, கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் வரைக்கும் அனுப்பி முடிந்த கையோடு ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கல்லூரியைப் பூட்டுமுன் ஆளுக்கொரு பை தந்தார்கள். உள்ளே ஒரு தேமோமீற்றர், ஒரு ஸ்டெதஸ்கோப், கையில் சுற்றிக் காற்றடிக்கும் பிரஷர் மெசின். மிச்சத்தை வீட்டிலிருந்து படியுங்கள் என்றார்கள். இப்படியாக வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள் என் ஆஸ்பத்திரி வாழ்க்கை தொடங்கியது.

வகுப்பில் நாற்பது பேர். காலை எட்டரைக்கு ஃபரீதா மெடம் பெயர் கூப்பிடுவார். 'பிரசன்ட் மெடம்' என்று எழுதி அனுப்பிவிட்டு, கமெராவையும் மைக்கையும் மூடிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். என் வேலை என்பது பெரும்பாலும் நித்திரை. திரையில் என் பெயர் மட்டும் ஒரு கறுப்புச் சதுரத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். என் படிப்பு ஆர்வத்தை யாராவது அளந்திருந்தால் அந்தச் சதுரத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார்கள். அது ஒரு நாளும் வகுப்பைத் தவறவிட்டதில்லை. நடுவில் மெடம் என் பெயரைக் கூப்பிட்டால், கொட்டாஞ்சேனையில் இருந்த என் தோழி நிரஞ்சலா உடனே எங்கள் வீட்டு லாண்ட்லைனுக்கு அடித்து என்னை எழுப்புவாள். அவளுக்கு நானும் அதே சேவையைச் செய்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் விழித்திருந்தால் போதும் என்பது எங்கள் ஏற்பாடு.

ஃபரீதா மெடம் தெஹிவளைக்காரர். வார்டுகளில் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்று, பிறகு எங்களுக்குப் படிப்பிக்க வந்தவர். போனுக்குள் இருந்து படிப்பிப்பது அவருக்கும் புதிது. பிரஷர் பார்க்கும் பாடத்தன்று தன் கணவரின் கையை இழுத்து வைத்துச் செய்துகாட்டினார். (கை மட்டும்தான் தெரிந்தது. அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

"இப்ப எல்லாரும் ஊட்டுல ஒத்தர்ட கையில போட்டுப் பாருங்க. காத்த மெதுவா விடுங்க. டக் டக்னு ஒரு சத்தம் தொடங்கும். அது தொடங்குற எடம் மேல் கணக்கு, நிக்கிற எடம் கீழ்க் கணக்கு. கேக்குதா?"

அம்மாவின் கையில் சுற்றிக்கொண்டு நான் கேட்டேன். டக்கும் இல்லை, டிக்கும் இல்லை. கீழே கடலோரத்தில் பாணந்துறைப் பக்கம் போன வெறும் ரயிலின் சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்தில் வந்தது. இதற்குள் திரையில் வரிசையாக விழத்தொடங்கிவிட்டது. 'கேக்குது மெடம்.' 'கேட்டது மெடம்.' 'யெஸ் மெடம்.' நாற்பது பேரில் எனக்கு மட்டும் காது செவிடா என்று வெட்கமாக இருந்தது. நானும் எழுதினேன்: 'நல்லாக் கேக்குது மெடம்.' அந்த 'நல்லா' எதற்கு என்று இப்போது நினைத்தாலும் எனக்கு என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

அடுத்ததாகப் பயிற்சி வேலை தந்தார். வீட்டில் ஒருவரை நோயாளியாக வைத்து, பதினாலு நாள், காலை ஆறு மணிக்கும் பின்னேரம் ஆறு மணிக்கும் காய்ச்சல், நாடி, மூச்சு, பிரஷர் நான்கையும் பார்த்து ஒரு சார்ட்டில் குறிக்கவேண்டும். அதில் சித்தியடைந்தால்தான் ஆஸ்பத்திரி வாசல் திறக்கும்போது முதல் குழுவோடு வார்டுக்குப் போகலாம். எனக்கு அந்த முதல் குழு வேண்டும். சீருடைப் படம் பார்த்தவர்கள் எல்லாம் "எப்ப பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போறாய்?" என்று கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நோயாளியாக அப்பாவே முன்வந்தார். அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உற்சாகம். அப்பா தன் உத்தியோகக் காலம் முழுவதும் கொழும்பில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசித்தவர். வாசல் படலையில் நின்று "மீட்டர்!" என்று ஒரு சத்தம் வைத்தால் ஒழுங்கையே எழும்பும். இரண்டு முறை நாய் கடித்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டுக்குச் சிலர் போன மாதக் கணக்கைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு இலக்கம் போட்டுவிட்டுப் போவார்களாம். அப்பா போடமாட்டார். 'வீடு பூட்டு' என்று எழுதிவிட்டு, மறுநாள் திரும்பவும் நடப்பார்.

"கண்ணால பாக்காமல் இலக்கம் எழுதக்கூடாது பிள்ளை," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இந்தா, உன்ர மீட்டர்."

நான் சுற்றினேன், அமுக்கினேன், காதில் மாட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம். அப்போதும் இல்லை. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மீட்டரிலேயே மகள் தோற்றாள் என்று அவர் நினைத்துவிடக்கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை.

"நூற்றிருபது, எண்பது," என்றேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் இலக்கம் அது. "நோர்மல் அப்பா."

"பாத்தியே! உன்ர மனுசன் அறுபத்திரண்டு வயசிலயும் புத்தகத்தில இருக்கிற மாதிரி!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்து நாள் இந்த நாடகம் நடந்தது. ஐந்து நாளும் நூற்றிருபது, எண்பது. ஆறாம் நாள் "இனிக் கிழமைக்கு ஒருக்காப் போதுமாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி மெசினை அலுமாரிக்கு மேலே போட்டேன். அதற்குப் பிறகு சார்ட் தன்பாட்டில் நிரம்பியது.

இடையில் ஒரு காலை அப்பா பின்தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ரெண்டு மூண்டு நாளா எழும்பேக்க இதில நோகுது. உன்ர சார்ட் என்ன சொல்லுது பிள்ளை?"

"நோர்மல்தான் அப்பா. பிளேன்ரீ குடிச்சிட்டுப் படுங்கோ."

"ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோவன்," என்றார் அம்மா.

"பிள்ளை பாத்துக்கொண்டு தானே இருக்கிறாள்," என்று அப்பா போய்ப் படுத்துவிட்டார்.

முதல் கிழமையின் ஏழு நாளும் முடிய மெடம் எல்லோருடைய சார்ட்டையும் வாங்கிப் பார்த்தார். அன்று அவருக்கு வந்த கோபத்தில் போன் சீனிப் போத்தலோடு சேர்ந்து விழாதது அதிசயம்.

"நாப்பது ஊட்டுலயும் காய்ச்சல் தொண்ணூத்தெட்டு தசம் நாலு! நாப்பது பேருக்கும் நாடி எழுபத்திரண்டு! நீங்க பாக்கிறது மனுசனயா, மணிக்கூட்டயா? அடுத்த கிழமை சார்ட்டப் பாத்தா ஒரு மனுசன் தெரியணும்!"

மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் போய்த் தேமோமீற்றரை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது இலக்கிய அறிவுரையாகக் கேட்டது. மனிதன் தெரியவேண்டுமா? காட்டுகிறேன் பார் என்று பாடப்புத்தகத்தைத் திறந்தேன். அதில் காய்ச்சல் வகைகளுக்கு அழகழகான கோட்டுப் படங்கள் இருந்தன. நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் ஒரு காய்ச்சல் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அதை அப்படியே அப்பாவுக்குக் கொடுத்தேன். ஞாயிறு தொண்ணூற்றொன்பது, திங்கள் நூறு, செவ்வாய் நூற்றொன்று, வெள்ளி நூற்றிரண்டரை. நாடியையும் ஏற்றினேன். குறிப்பு எழுதும் இடம் வெறுமையாக இருந்தது மனதுக்கு உறுத்தவே, ரீவியில் நாள் முழுக்கச் சொல்வதைக் கேட்டு 'வரட்டு இருமல், உடல் அசதி, மணம் தெரியவில்லை' என்று சேர்த்தேன். பிரஷரை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. அது நூற்றிருபது, எண்பதிலேயே நின்றது. பதினாலாம் நாள் பின்னேரம் படம் பிடித்து மெடத்துக்கு அனுப்பிவிட்டு, முதல் குழுவில் எனக்கு இடம் நிச்சயம் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலை 'பிரசன்ட் மெடம்' போட்டுவிட்டு நான் திரும்பப் படுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மெடம் என் சார்ட்டைத் திறந்திருக்கிறார். வரட்டு இருமல். மணம் தெரியவில்லை. நூற்றிரண்டரை. பதறிப்போய் வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். கறுப்புச் சதுரம் பேசவில்லை. திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார். நிரஞ்சலா எழுப்பியிருப்பாள், ஆனால் அன்று பார்த்துக் கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லை, அவளே வகுப்பில் இல்லை. மெடம் என் போனுக்கு நாலு முறை அடித்திருக்கிறார். அது சத்தத்தை நிறுத்தி வைத்த போன், சீனிப் போத்தலில் சாய்ந்தபடி மௌனமாக அழுதுகொண்டிருந்தது. வீட்டோடு எல்லோரும் விழுந்துவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கல்லூரிப் பதிவில் இருந்த எங்கள் விலாசத்தை எடுத்து, மெடம் பி.எச்.ஐ.க்கு அறிவித்துவிட்டார்.

அந்த நாட்களில் பி.எச்.ஐ. என்ற மூன்றெழுத்துக்கு இருந்த பயம் பொலிசுக்குக்கூட இருக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒரு வீட்டுக்கு வந்தார் என்றால் அந்த வீட்டுக் கதவில் தாள் ஒட்டப்படும், பதினாலு நாள் யாரும் வெளியே வரமுடியாது. சில இடங்களில் முழு மாடிக் கட்டடத்தையும் மூடினார்கள். நான் எழும்பித் தலை முழுகி, தலையில் துவாயோடு வெளியே வரும்போது, படியில் "மூண்டாம் மாடிக்காம்! மூண்டாம் மாடிக்காம்!" என்று கீழ்வீட்டு அன்ரியின் குரலும், பிறகு பட் பட் என்று கதவுகள் சாத்தும் சத்தமும் கேட்டன.

அப்பாதான் கதவைத் திறந்தார். சாரத்தோடு, கையில் சம்பல் தடவிய ஒரு துண்டுப் பாண். வாசலில் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக மூடிய இரண்டு பேர்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க," என்றார் முன்னால் நின்றவர், சிங்களம் கலந்த தமிழில். "நோயாளிய பாக்கணும்."

"ஆர் நோயாளி?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து அப்பாவின் பெயரை வாசித்தார்.

"அது நான்தானே," என்றார் அப்பா, வாயில் பாணோடு.

இரண்டு வெள்ளை உடுப்புகளும் ஒன்றையொன்று பார்த்தன. நெற்றியில் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துவக்கை நீட்டினார். தொண்ணூற்றேழு தசம் எட்டு. துவக்கு பழுதோ என்று தன் உதவியாளரின் நெற்றியில் பிடித்துப் பார்த்துவிட்டு, திரும்ப அப்பாவுக்குப் பிடித்தார். அதே இலக்கம். "மணம் தெரியுதா அங்கிள்?" "தெரியுது. சம்பலுக்கு உள்ளி கூட." அம்மா பின்னால் நின்று "ஐயோ கடவுளே, ஐயோ கடவுளே" என்றுகொண்டிருந்தார். அந்த மனிதர் கடைசியில் போனை எடுத்து, மெடம் அனுப்பியிருந்த என் சார்ட்டை அப்பாவிடம் காட்டினார்.

அப்பா பாணை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். மீட்டர் வாசித்த மனிதர் அல்லவா, விரலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். "செவ்வாய், காலமை ஆறு மணி. நூற்றொண்டு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்த வீட்டில காலமை ஆறு மணிக்கு முழிச்சிருக்கிறது நானும் காகமும்தான். நீ ஆரைப் பாத்து எழுதினனி?"

"புத்தகத்தைப் பாத்து," என்றேன். தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பி.எச்.ஐ. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "நங்கி," என்றார், சொந்தத் தங்கையைக் கூப்பிடுவது போல. "இண்டைக்கு எனக்கு இன்னும் பதினொரு வீடு இருக்கு. எல்லாம் உண்மைக் காய்ச்சல்." அவர் முகக்கண்ணாடிக்குள் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. திட்டியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த நேரம் அவருடைய போனிலேயே மெடம் வந்தார், முகம் தெரியும் அழைப்பில். முதலில் அப்பாவைக் காட்டச் சொன்னார். சாரமும் கண்ணாடியுமாக அப்பாவைப் பார்த்ததும் "அல்ஹம்துலில்லாஹ், வாப்பா நல்லா ஈக்கிறார்" என்று கண்ணைத் துடைத்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது. பி.எச்.ஐ. புத்தகக் கதையைச் சொன்ன பிறகுதான் மெடம் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல் புத்தகம். பதினாலு நாளும் பிரஷர் நூத்திருவது, எண்பது. அதுவும் புத்தகமா?"

நான் அழுதுவிட்டேன். "எனக்குக் கேக்கேல்ல மெடம். முதல் நாள் வகுப்பில இருந்தே கேக்கேல்ல. எல்லாரும் கேட்டது எண்டு எழுதினவை. நானும் எழுதிப்போட்டன்."

"மெசின எடுங்க," என்றார் மெடம். "இப்ப, என்ட கண்ணுக்கு முன்னால."

அலுமாரிக்கு மேலிருந்து தூசு தட்டி எடுத்தேன். அப்பா சட்டைக் கையை மடித்தார். பி.எச்.ஐ. அவசரப்படவில்லை, போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றினேன், அடித்தேன். வழமைபோல ஒன்றுமில்லை.

"காதுல இருந்து கழட்டாம, அந்த வட்டத்த வெரலால தட்டுங்க. கேக்குதா?"

"இல்ல மெடம்."

"இப்ப அந்த வட்டத்தப் புடிச்சு ஒரு பக்கமாத் திருப்புங்க."

திருப்பினேன். கிளிக் என்றது. ஸ்டெதஸ்கோப்பின் தலையில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் மூடிக்கொள்ளும். பெட்டியில் இருந்து எடுத்த நாள் முதல் நான் மூடிய பக்கத்தைத்தான் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு திருப்பு. அவ்வளவுதான். ஒரே ஒரு நாள் 'கேக்கேல்ல' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

திரும்ப அடித்துக் காற்றை மெதுவாக விட்டேன். டக். டக். டக். அப்பாவின் இரத்தம் ஓடும் சத்தம். "கேக்குது மெடம்! கேக்குது!" என்று துள்ளினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பிறகு முள்ளைப் பார்த்தேன்.

"எத்தினையில தொடங்கிச்சு?"

"நூற்றி எழுபத்தெட்டு."

"மத்தக் கை."

மற்றக் கை நூற்றி எழுபத்தாறு. கீழ்க் கணக்கு நூற்றிரண்டு. "அப்பா, பின்தலை நோகுது எண்டு சொன்னனீங்கள் எல்லே," என்றேன்.

"ஓம்," என்றார் அப்பா. கோபமே இல்லை. "நீ நோர்மல் எண்டனி."

கதவில் தாள் ஒட்ட வந்த மனிதர், ஊரடங்கில் அப்பாவை டொக்டரிடம் கொண்டுபோவதற்கு அனுமதித் துண்டு எழுதித் தந்துவிட்டுப் போனார். காலி வீதியில் திறந்திருந்த ஒரு டிஸ்பென்சரியில் டொக்டர் மாத்திரை எழுதினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, நெடுநேரம் அழுதேன்.

முதல் குழுவில் நான் போகவில்லை. மெடம் பதினாலு நாளையும் திரும்பச் செய்யவைத்தார், ஒவ்வொன்றும் கமெராவுக்கு முன்னால். காலை ஆறு மணிக்கு அப்பா என் அறைக் கதவில் தட்டி "மீட்டர்!" என்று அந்தப் பழைய சத்தத்தை வைப்பார். கீழ்வீட்டு அன்ரியும் சேர்ந்து எழும்புவார். அடுத்த வகுப்பில் மெடம் பாடத்தை விட்டுவிட்டு, "அன்டைக்கு உண்மையாக் கேக்காத ஆக்கள் கமெராவப் போடுங்க, நான் ஏசமாட்டன்" என்றார். முதலில் என் முகம் மட்டும் தெரிந்தது. பிறகு நிரஞ்சலா. பிறகு கறுப்புச் சதுரங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகின, முக்கால்வாசி வகுப்பும். எல்லோரும் வட்டத்தைப் பிடித்துத் திருப்பினோம்.

இப்போது நான் ஒரு ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். நோயாளி கட்டிலில் இல்லாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுவேன். ஏன் என்று கேட்டால் 'வீடு பூட்டு' என்பேன். தமிழே தெரியாத சிங்களச் சிநேகிதிகள்கூட இப்போது அதையே சொல்கிறார்கள். வீட்டில் நிலைமை இன்னும் மோசம். போன வருடம் ஒரு மாப்பிள்ளைப் பகுதியார் தங்கள் பெடியனின் படிப்பு, குணம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் போனபிறகு, அப்பா என்னைப் பார்த்து, "இது பாத்து எழுதினதோ, புத்தகமோ?" என்றார். அம்மாவுக்குப் பிளேன்ரீ புரையேறிவிட்டது.

போன ஞாயிறும் அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தேன். கீழே யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள், சத்தம் சரியாகப் பிடிபடவில்லை.

"கேக்கேல்ல அப்பா," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. "ஆறுதலாத் திரும்பப் பார் பிள்ளை," என்றார். "மீட்டர் எங்கயும் ஓடாது."

திரும்பப் பார்த்தேன். நூற்றி முப்பத்திரண்டு, எண்பத்தாறு.